அர்த்தஜாமம் ஆச்சு, இன்னும் தூங்கலையா?

சிதம்பரத்தில் இரவு 10 மணிக்கு அர்த்தஜாம பூஜை. சாமியே பள்ளியறைக்குப் போகும் நேரம்! கீழவீதியிலும், கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் பொடிசுகள் மட்டும் போர்வைக்குள் செல்போனோடு கொட்டக் கொட்ட விழித்திருக்கின்றன. "இன்னும் 5 நிமிஷம்மா!" அந்த 5 நிமிஷம் 50 ஆகிறது.

இருட்டியதும் மூளையில் சுரக்கும் 'மெலடோனின்'தான் தூக்கத்துக்கு நேரம் சொல்வது. வெளிச்சம் கண்ணில் பட்டால் சுரப்பு தள்ளிப்போகும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது அதிகம். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். 11-க்குக் கண் மூடி, பள்ளி வேனுக்காக 6-க்கு எழுந்தால் 7 மணிதான். கணக்கு உதைக்கிறதே!

2020-ல் ஆன்லைன் பாடத்துக்காகக் கைக்கு வந்த போன். பள்ளி திறந்தாச்சு, போன் இறங்கவில்லை. பிள்ளையை மட்டும் திட்டி என்ன பயன்? கடையைப் பூட்டிவிட்டு வரும் அப்பா, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே ரீல்ஸ் ஓட்டுகிறார்! ராத்திரி 8 மணிக்கு எல்லா போனும் அலமாரிக்குப் போகட்டும். அப்பாவுடையது முதலில்.