ஐசியூவா, டயாலிசிஸா? ஒன்றரை வருஷத்தில் நர்ஸ் பிரிவு மாறலாமா?

கோவில்பதாகையில் ஷேர் ஆட்டோ ஏறி, ஆவடியில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, சிட்டி ஆஸ்பத்திரிக்கு நைட் டூட்டி போகும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பி.எஸ்சி முடித்து ஒன்றரை வருஷம். ஐசியூவில் இருந்து டயாலிசிஸுக்கு மாற நினைக்கிறார். "அதுக்குள்ளயா?" என்பதுதான் வீட்டிலும் வார்டிலும் வரும் முதல் கேள்வி.

தாராளமாக மாறலாம். ஆனால் மாறிய இடத்தில் யார் சொல்லித் தருவார்கள்? அதுதான் முதலில் கேட்க வேண்டியது.

அமெரிக்க நர்சிங் பேராசிரியர் பாட்ரீசியா பென்னர் 1984-ல் எழுதிய நூலில், ஒரு நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். ஒரே மாதிரி நோயாளிகளை இரண்டு, மூன்று ஆண்டுகள் பார்த்த பிறகுதான் மூன்றாவது படி. அனுபவமே இல்லாத பிரிவுக்குப் போனால், சீனியர் நர்ஸ்கூட மறுபடி முதல் படிக்கு வந்துவிடலாம். வென்டிலேட்டர் அத்துப்படியானவருக்கும் டயாலிசிஸ் மெஷின் முன்னால் முதல் நாள் முதல் நாள்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "நீங்க ஐசியூ சிஸ்டர்தானே, பார்த்துக்குங்க" என்று அடுத்த நாளே முழு ஷிஃப்ட்டை ஒப்படைப்பது நோயாளிக்கும் ஆபத்து.

பல நேரம் மாறுவது நர்ஸின் விருப்பமாகவே இருப்பதில்லை. கொரோனாவுக்காக 2020-ல் தமிழக அரசு ஒப்பந்த நர்ஸ்களை எடுத்தது. 2022 டிசம்பர் 31-ஓடு 2,300-க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது. மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் 18,000 ரூபாய் சம்பளத்தில் மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. அவர்கள் கேட்டதோ பணி நிரந்தரம். கொரோனா வார்டில் இருந்து வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்ப்பதும் பிரிவு மாற்றம்தான். இரண்டும் முக்கியமான வேலை. ஆனால் வார்டில் கற்றதை எங்கே கணக்கில் வைப்பது என்று யாரும் பேசவில்லை.

விரும்பி மாறுபவர்களுக்கு முறையான வழி இருக்கிறது. தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தை, புற்றுநோய் போன்ற பிரிவுகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ அது. பதிவு பெற்ற நர்ஸ்கள் சேரலாம். ஓராண்டு அனுபவம் வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு வருஷம் வீட்டுச் செலவை யார் பார்ப்பது? சம்பளத்தோடு படிக்க அனுப்பும் ஆஸ்பத்திரி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

அதுவரை, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் வெறுமனே 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று எழுத விடாதீங்க. எந்த யூனிட், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்று கேட்டு வாங்குங்க. ரிலீவ் ஆகும் முன்பே.