தறிக்கூடத்தில் வளர்ந்த படிப்பு

பட்டு நெசவு நடக்கும் தாராசுரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, ‘தொழில், நிறுவன உளவியல் படிக்கப் போகிறேன்’ என்று சொன்னால் வீட்டிலும் தெருவிலும் நான்கு ஆட்சேபங்கள் எழும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ‘அது பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு.’

இல்லை. நோயாளிக்குச் சிகிச்சை தருவது மருத்துவ உளவியல். தொழில் உளவியலர் ஆராய்வது வேலையை. எந்த வேலைக்கு யாரை எடுப்பது, எப்படிப் பழக்குவது, ஷிப்டை எப்படிப் பிரிப்பது, களைப்பும் விபத்தும் எங்கிருந்து வருகின்றன என்பவை அவர் கேள்விகள்.

2. ‘வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு ஒத்துவராது.’

இத்துறையின் புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று நடந்த இடம் அகமதாபாத் காலிகோ மில். ஆண்டு 1953. புதிதாகத் தானியங்கித் தறிகளைப் போட்டும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த ஏ.கே. ரைஸ் கோளாறை எந்திரத்தில் தேடவில்லை. 224 தறிகள் இருந்த கூடத்தில் வேலை 12 வகையாகத் துண்டாடப்பட்டிருந்தது. இழை அறுந்தால் பிணைப்பவர் ஒருவர், தார் நிரப்புபவர் வேறொருவர். முழுத் துணிக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. சிறு குழுவிடம் சில தறிகளை முழுப் பொறுப்பாக ஒப்படைக்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். குழுக்களைத் தொழிலாளர்களே அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, பழுதுத் துணி குறைந்தது. பாவு பிணைப்பதும் தார் சுற்றுவதும் நெய்வதும் ஒரே குடும்பத்தின் பொறுப்பாக இருக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த முடிவு வியப்பைத் தராது. அந்த அனுபவம் இந்தப் படிப்புக்கு நல்ல முதலீடு.

3. ‘ஆள் எடுக்க எம்.பி.ஏ. போதுமே?’

நிர்வாகத்துக்குப் போதும். அளப்பதற்குப் போதாது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் போகும் நம் பையன்கள் எழுதும் திறனறித் தேர்வையே பாருங்கள். அதன் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் (மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பெண்) எடுக்கவேண்டும். எந்தப் பிரிவினருக்கும் சலுகை இல்லை. கவனமும் நினைவும் அளக்கும் இத்தகைய தேர்வுகளை உருவாக்கவும், அவை நம்பகமானவையா என்று சோதிக்கவும் உளவியலும் புள்ளியியலும் வேண்டும். லக்னோவிலுள்ள ரயில்வே ஆய்வு நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ.வில் இதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது.

4. ‘வேலை கிடைக்காது.’

இதில் பாதி உண்மை. ‘தொழில் உளவியலர் தேவை’ என்ற விளம்பரம் நம் பக்கம் அபூர்வம். ஆள் தேர்வு, பயிற்சி, ஊழியர் நலன், மனிதவளத் தரவு ஆய்வு என்று வேறு பெயர்களில்தான் வேலை வரும். இளங்கலைப் பட்டத்தோடு நின்றால் கதவு திறப்பது கடினம். முதுகலை வேண்டும், புள்ளியியல் பயமின்றி வரவேண்டும், ஏதாவது ஆலையிலோ அலுவலகத்திலோ நேரடிப் பயிற்சியும் வேண்டும். பணவசதி குறைந்தவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் முதுகலை 2025 வரை ஒரு வழியாக இருந்தது. தொழில், நிறுவன உளவியல் அதில் ஒரு சிறப்புப் பிரிவாக இருந்தது.

பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். ‘வேலை கிடைக்குமா?’ என்று கேளுங்கள், கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் இது நமக்குச் சம்பந்தமில்லாத படிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். குழித்தறியில் முதுகு ஒடிய உட்காருபவரின் களைப்பையும், கூலி முறையையும், அடுத்த தலைமுறை ஏன் தறியை விட்டுப் போகிறது என்பதையும் முறையாக ஆராய ஆள் வேண்டும். தறியை அறிந்த வீட்டுப் பிள்ளையைவிட அதற்குத் தகுதியானவர் யார்?