கண்ணுக்குத் தெரியாத ராஜ்யமும் ஓடையோரக் கல்லறையும்

மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் எங்கள் காலனி இருக்கிறது. போன வருடம் அப்பா இறந்தபோது, ஊருக்குள் இருக்கும் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் கேட்டேன். முப்பது வருடங்களுக்கு மேல் அதே சபைக்குக் காணிக்கை கொடுத்தவர் அவர். போதகர் கெட்டவர் அல்ல. என் தோளில் கை வைத்து, "சரீரம் மண்ணுதான் தம்பி. அப்பா இப்ப இருக்கிற ராஜ்யத்துல இந்தப் பேதமெல்லாம் கிடையாது. அது கண்ணுக்குத் தெரியாதது" என்றார். காலனிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய ஓடையோரத்தில் அப்பாவைப் புதைத்தோம்.

அந்தப் போதனையை நான் கேலி செய்யவில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களுக்கு, கட்டடமும் கருவறையும் பூசாரியும் தேவைப்படாத ஒரு கடவுள் பெரிய விடுதலை. என் பாட்டி அந்த விடுதலையை நம்பித்தான் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ராஜ்யம் எங்களுக்கு மட்டும் ஏன் நினைவூட்டப்படுகிறது? சரீரம் மண்தான் என்றால், கல்லறைத் தோட்டத்தைப் பூட்டி வைத்திருப்பவர்களிடம் அதை யார் சொல்வது?

வழிபாடு ஆவியிலும் உண்மையிலும் நடக்க வேண்டும் என்று இயேசு சொல்வது யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில். அதை அவர் சொன்ன இடம் ஒரு கிணற்றடி. கேட்டவர் ஒரு சமாரியப் பெண். யூதர்கள் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். இயேசுவிடம் தண்ணீர் மொள்ளப் பாத்திரம் இல்லை. அந்தப் பெண்ணின் பாத்திரத்தில்தான் குடித்தாக வேண்டும். முதலில் அவர் தண்ணீர் கேட்கிறார். எந்த மலையில் தொழுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. அதன்பின் இரண்டு நாள் அவர் அந்த ஊரிலேயே தங்குகிறார். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆவி பற்றிய பேச்சைத் தண்ணீரிலிருந்து பிரித்துப் பிரசங்கிப்பது பாதிக் கதையைச் சொல்வதாகும்.

லூக்கா 17ஆம் அதிகாரமும் இப்படித்தான். இறைவனின் ராஜ்யம் 'உங்களுக்குள்' இருப்பதாகப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்கிறது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது 'உங்கள் நடுவே' என்றாகிறது. மூலக் கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. உள்ளே என்றால் அவரவர் மனதோடு முடிந்துபோகும். நடுவே என்றால், உனக்கும் எனக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்கப்படும்.

தமிழகத் திருச்சபையில் அந்த இடைவெளியில் சுவரே எழுப்பியிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண, இரு கால்களாகப் பிரிந்த கோயில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 1910இல் கௌசானல் பாதிரியார் நடுச்சுவரை இடித்தார். தனியிடம் தங்கள் உரிமை என்று வேளாளர் தரப்பு தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்க வேண்டியிருந்தது. 2008 மார்ச்சில் அங்கே நடந்த மோதலும் துப்பாக்கிச்சூடும் இரண்டு உயிர்களைப் பறித்தன.

அரசும் சபையைப் போலவேதான் பேசுகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, பட்டியல் சாதி என்பதை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். அந்தத் தடையை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் பத்தி அப்படியே இருக்கிறது.

1999இல் என்னைப் பள்ளியில் சேர்த்தபோது, மதம் என்ற இடத்தில் அப்பா 'கிறிஸ்தவர்' என்று எழுதினார். பக்கத்து வீட்டு அத்தை, பிள்ளையின் படிப்பை நினைத்து வேறு மாதிரி எழுதினார். அத்தையை நான் குறை சொல்லமாட்டேன். அவர் மகன் பட்டியல் சாதி, நான் பிற்படுத்தப்பட்டோர். முனைவர் பட்டச் சேர்க்கை வரை அந்த ஒரு சொல் என் கூடவே வந்தது. எங்கள் ஊர்த் தனித் தொகுதியில் வார்டு உறுப்பினராகக்கூட நான் நிற்க முடியாது. ஆனால் கல்லறைக்கு இடம் கேட்டால் நான் காலனிக்காரன். அத்தை தன் வழிபாட்டை மறைத்து வாழ்கிறார். அப்பா மறைக்காததற்கு விலை கொடுத்தார். எங்கள் தெருவில் வழிபாடு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கு இறையியல் காரணமில்லை.

"அப்புறம் ஏன் இன்னும் அந்தச் சபையில் இருக்கிறீர்கள்?" என்று முற்போக்குத் தோழர்கள் கேட்கிறார்கள். அப்பா காணிக்கை போட்ட இடம் அது. வெளியேற வேண்டியது சாதி, நாங்கள் அல்ல.

அடுத்த மாதம் சபைக் கமிட்டி கூடுகிறது. கல்லறைத் தோட்டத்தை எல்லோருக்கும் பொதுவாக்கக் கோரி மனு எழுதியிருக்கிறேன். காலனியில் 31 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஊர்ப்பக்கத்திலிருந்து இதுவரை இருவர். அதில் ஒருவர் போதகர்.