கூடத்துக்கு வந்த பேட்டி

முன்பெல்லாம் உத்தியோகத்துக்குப் பேட்டி என்றால் முதலில் பெட்டி கட்ட வேண்டும். பழனி மலையடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் அய்யம்பாளையத்தில் ஒரு பெண்ணுக்குச் சென்னைக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் வரை பஸ். அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் இரவுப் பிரயாணம். துணைக்கு அப்பா லீவு போட வேண்டும். தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு தேட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "வேணாம்மா, இங்கேயே ஏதாச்சும் பார்த்துக்கிடலாம்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி எத்தனையோ பெண்கள் பேட்டியில் தோற்கவில்லை, பேட்டிக்கே போகவில்லை!

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. போக்குவரத்து நின்றது, ஆனால் ஆள் எடுப்பது நிற்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த வேலைத் தேர்வுகள்கூட இணையவழியில்தான் நடந்தன. ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் பல தனியார் கம்பெனிகள் முதல் சுற்றைப் போனிலோ வீடியோவிலோ முடித்துவிடுகின்றன.

சௌகரியம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பேட்டி வீட்டுக்குள் வந்ததும், வீடும் பேட்டிக்குள் வந்துவிட்டது! குக்கர் விசில், மிக்ஸி, தேங்காய் லாரியின் ஹாரன், பக்கத்துத் தெருக் காதுகுத்தின் மைக் செட் எல்லாம் அதிகாரியின் காதில் விழுகின்றன. ஆகவே, தயாராக வேண்டியவள் பெண் மட்டுமல்ல; வீட்டார் அனைவரும்தான்.

முதலில் மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது. தினசரியில் அதைப் பார்த்துவிடுங்கள். போனை முந்தின இரவே முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். ஒரு மணி நேர வீடியோப் பேச்சுக்கு அரை ஜி.பி.யிலிருந்து ஒன்றரை ஜி.பி. வரை டேட்டா செலவாகும். மலை ஓரத்து ஊர்களில் ஒரே வீட்டில் ஓர் அறையில் சிக்னல் இருக்கும், அடுத்த அறையில் இருக்காது. எந்த மூலை நல்ல மூலை என்று, பேட்டி நடக்கும் அதே நேரத்தில், முந்தின நாள் அத்தை மகளுக்கு வீடியோவில் பேசிப் பாருங்கள்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். போனைக் கையில் பிடித்தால் ஆடும். நாலு பாடப் புத்தகங்களை அடுக்கி, கண் மட்டத்துக்கு நிறுத்தி வையுங்கள். பேசும்போது திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காதீர்கள் (ஆசையாகத்தான் இருக்கும்!), காமிராவைப் பாருங்கள். அப்போதுதான் எதிரில் இருப்பவருக்கு, அவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும்.

வெறும் போன் பேட்டியானால் முகம் தெரியாது, குரல்தான் முகம். சாய்ந்து கிடந்து பேசினால் குரலும் சாய்ந்துவிடும். நிமிர்ந்து உட்காருங்கள். கேள்வி முடிந்ததும் ஒரு நொடி பொறுத்துப் பதில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேச்சும் மோதிக்கொள்ளும். துண்டுச் சீட்டில் நாலு குறிப்பு இருக்கலாம். முழுப் பதிலையும் எழுதி வைத்துப் படித்தால் குரலே காட்டிக் கொடுத்துவிடும். கதவிடுக்கில் நின்று அண்ணன் விடை சொல்லித் தருவதும் வேண்டாம். கண் அந்தப் பக்கம் போவதை அவர்கள் கவனிக்காமலா இருப்பார்கள்?

தொடர்பு அறுந்தால் பதறாதீர்கள். மீண்டும் இணைந்து, "மன்னிக்க வேண்டும், கடைசிக் கேள்வியை ஒருமுறை சொல்வீர்களா?" என்று கேளுங்கள். இதை ஆங்கிலத்திலும் ஒத்திகை பார்த்து வையுங்கள்.

கல்யாணமானவர்களுக்கு ஒரு கேள்வி நிச்சயம்: "இத்தனை வருஷம் ஏன் வேலையில் இல்லை?" இதற்குக் குற்றவாளிபோல் நெளிய வேண்டாம். "குழந்தைகளை வளர்த்தேன். இப்போது அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த இடைவெளியில் இன்னது கற்றுக்கொண்டேன்." மூன்றே வாக்கியம். பயிற்சி வேண்டுமென்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. வேலை கொடுப்பதற்கு முன்பே "பதிவுக் கட்டணம்", "லாப்டாப் டெபாசிட்" என்று பணம் கேட்டால் அது பேட்டி அல்ல, பறிப்பு. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் இளைஞர்கள் மியான்மரில் சிக்கிக்கொண்டார்கள். மத்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இனி, மாமியார்மார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. சொன்னவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. கஷ்டமானது ஒன்றே ஒன்றுதான்: அவளுக்கு ஒரு மணி நேரமும், சாத்திய ஒரு கதவும் வேண்டும். பையனுக்குப் பேட்டி என்றால் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறது. மருமகளுக்குப் பேட்டி என்றால், "பேசிக்கிட்டே இந்தப் பாலைக் கொஞ்சம் பார்த்துக்கம்மா" என்கிறோம்! அந்த ஒரு மணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பால் பொங்கினால் நீங்களே இறக்கி வையுங்கள். சொந்தக்காரர்களிடம், "பத்திலிருந்து பதினொன்று வரை யாரும் போன் பண்ணாதீங்க" என்று சொல்லி வையுங்கள்.

சென்னைக்குப் போகும் இரவு பஸ் செலவு மிச்சமாகிவிட்டது. அதற்குப் பதிலாக இந்த ஒரு மணி நேரத்தையாவது கொடுக்கக் கூடாதா, சொல்லுங்கள்!