பட்டறைக்குப் போவது தண்டனையா?



"படிக்காவிட்டால் பட்டறையில் எண்ணெய்க் கையோடுதான் நிற்பாய்." நம் தமிழ்ப்பள்ளிகளில் இந்த வசவு இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. சொல்பவர்கள் வேறு யாருமல்லர், ஆசிரியப் பெருமக்கள்தாம்! அறிவியல் பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, அதே அறிவியலைக் கையால் செய்து பிழைப்பவனை அடுத்த மூச்சிலேயே இழிவுபடுத்துகிறார்கள். இதைக் கண்டித்து எழுத வேண்டுமென நெடுநாளாக எண்ணியிருந்தேன். சென்ற பள்ளி விடுமுறையில் என் வீட்டு வாசலில் செய்த ஒரு வேலை எழுதவே வைத்துவிட்டது.

என் பழைய கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. "பேட்டரியை மாற்றுங்கள் சார்" என்று பார்த்தவரெல்லாம் மருந்து சொன்னார்கள். அந்த விளக்கு பேட்டரியின் நோயை அறிவிப்பதன்று. இயந்திரம் ஓடும்போது பேட்டரிக்கு வர வேண்டிய மின்சாரம் வரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அனுப்ப வேண்டியது ஆல்டர்னேட்டர். பழைய ஆட்கள் டைனமோ என்பார்கள். வண்டியைக் கிளப்பிவிடுவது பேட்டரி. கிளம்பிய பின்னர் விளக்கு முதல் எரிபொருள் பம்பு வரை தாங்குவது ஆல்டர்னேட்டர். அது செத்திருந்தால் புதிய பேட்டரியும் விரைவில் வற்றிப்போகும். எத்தனை குடும்பங்கள் பேட்டரிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மறுநாளே நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருக்கும்!

முப்பது வெள்ளி மல்டிமீட்டர் ஒன்று போதும், உண்மை தெரிந்துவிடும். இரவெல்லாம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். என் காரில் 12.1-இல் நின்றது, முகப்பு விளக்கைப் போட்டதும் 11.8-க்கு இறங்கியது. பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா, கம்பி முனைகளில் பச்சைப் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். குறையில்லை. எனவே குற்றவாளி ஆல்டர்னேட்டர்தான். (புதுவகைக் கார்கள் சிலவற்றில் கணினியே மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்கும். அங்கே ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.)

இதற்கு முன்னர் ஒரு பட்டறையில் காட்டியபோது, சோதனை என்ற பெயரில் இயந்திரம் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றப் போனார் ஒரு பொமன். வண்டி நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர் பழுது, ஓடினால் நல்லது என்பது கணக்காம். அது கார்புரேட்டர் காலத்து வித்தை. இன்றைய வண்டிகளில் மின்னழுத்தம் திடீரென எகிறிக் கணினிப் பெட்டியையே சுட்டுவிடக்கூடும். கையைப் பிடித்துத் தடுத்தேன். ஆனால் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. "நீ உருப்பட மாட்டாய்" என்று கேட்டுக் கேட்டுப் பின்வரிசையிலிருந்து வெளியேறிய ஒரு மாணவர்தான் அவரும். ஏன் கழற்றக் கூடாது என்பதை அவருக்கு விளக்கியிருக்க வேண்டியது யார்?

மாற்றும் வேலை இரண்டரை மணி நேரம் பிடித்தது. முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றியாக வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த கம்பி, சாவியை எடுத்துவிட்டாலும் உயிரோடுதான் இருக்கும். ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். பெல்ட் ஓடும் வழியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். கெடாய் போத்தோங்கில் வாங்கியதையும் பழையதையும் அருகருகே வைத்து, கப்பியின் பள்ளங்கள், பிளக்கின் வடிவம், ஆம்பியர் அளவு மூன்றையும் ஒப்பிட்ட பிறகே பொருத்தினேன். வற்றிய பேட்டரியைத் தனியே சார்ஜரில் ஏற்றிக்கொண்டேன். அந்தச் சுமையை ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டக் கூடாது. கிளப்பினேன். 14.2! சிவப்பு விளக்கு அணைந்தது.

செய்தி பள்ளிக்குப் போனதும் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "வாத்தியாராக இருந்துகொண்டு இதெல்லாம் தேவையா சார்?"

தேவைதான் ஐயா! கம்பிச்சுருளின் அருகே காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே கண்டதுதான் அந்தப் பெட்டிக்குள் சுழல்கிறது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது, தமிழிலேயே வேண்டும் என்று குரல் கொடுத்தது நம் சமூகம். நியாயமான குரல். அக்கொள்கை கைவிடப்படும் என 2009-இல் அறிவிப்பும் வந்தது. மீட்ட அறிவியலை வைத்து நம் பள்ளிகள் என்ன செய்தன? மின்னோட்டம், மின்னழுத்தம், மின்சுற்று என்று எழுத்துப்பிழையின்றி எழுத வைத்தன. மல்டிமீட்டரைக் கையில் பிடித்த மாணவர் எத்தனை பேர்? யூபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்ட பின்னும் இந்த மனப்பாடப் பழக்கம் நம்மை விட்டு விலகவில்லையே!

ஆபத்து என்பார்கள். ஆம், எல்லாரும் எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது. காற்றுப்பையை நானும் தொடமாட்டேன். பட்டறைக்காரர் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்றும் ஒருவர் சொன்னார். விவரம் தெரிந்த வாடிக்கையாளரைக் கண்டு அஞ்ச வேண்டியவர் ஏமாற்றுகிறவர் மட்டுமே.

பழைய ஆல்டர்னேட்டர் இப்போது ஐந்தாம் ஆண்டு வகுப்பு அலமாரியில் இருக்கிறது. பிரித்துக் காட்டினேன். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கரித்துண்டுகள் இரண்டும் தேய்ந்து நகக்கண் அளவே மிஞ்சியிருந்தன. மாணவி ஒருத்தி கப்பியைச் சுற்றிக்கொண்டே, "சார், இத கையால சுத்துனா பல்பு எரியுமா?" என்றாள். அது நிலைக்காந்தமன்று, முதலில் கொஞ்சம் மின்சாரம் ஊட்டினால்தான் காந்தமாகும் என்றேன். "அப்ப ஊட்டிட்டுச் சுத்துவோம் சார்" என்றாள். புதிய கரித்துண்டுகள் வாங்கிவிட்டேன். ஒரு சிறிய பேட்டரியும் எல்இடி விளக்கும் தயார். வியாழக்கிழமை அறிவியல் பாட வேளையில் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.