மண்பாண்டத்தில் வைத்த குரல்



நவம்பர் மாதம் முழுவதும் மரித்தோரை நினைந்து மன்றாடினோம். இப்பொழுது திருவருகைக் காலத்தில் அடியெடுத்து வைக்கிறோம். இந்நாட்களில் வரும் டிசம்பர் 2, நம் நெல்லைச் சீமை ஈன்ற மாபெரும் பாடகர் ஒருவரின் மறைவு நாளாகும். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய வாழ்வு நம் இல்லங்களுக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அவர்தாம் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா.

குற்றாலச் சாரல் தொடும் செங்கோட்டையில், 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று, கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். அவ்வூர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல் சென்னை மாநிலத்தோடு இணைந்து நெல்லை மாவட்டமாயிற்று. 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. எல்லைகள் எவ்வாறு மாறினும், குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலப்பதுபோல, அவர் புகழும் இப்பள்ளத்தாக்கின் பெருமையோடு கலந்தே நிற்கிறது.

குடும்பத்திலோ வறுமை. ஆகவே பள்ளிக்குச் செல்ல வேண்டிய இளம் வயதில், அண்ணன்மாரோடு நாடகக் குழுவில் சேர்ந்தார். நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவிலும், பின்னர்ப் புகழ்பெற்ற கன்னையா கம்பெனியிலும் வளர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. நாடகமோ இரவெல்லாம் நடக்கும். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். உச்ச சுருதியில் பாடியபோதும் கிட்டப்பாவின் சாரீரம் பிசிறின்றி ஒலித்தது என்று கேட்டவர்கள் வியந்தனர். சங்கீத வித்துவான்களும் அவர் பாட்டைக் கேட்கச் சென்றனர். வண்டிக்காரரும் வயல்வேலை செய்வோரும் அப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினர்.

1926இல் இலங்கையில், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளோடு முதன்முறையாக மேடையேறினார். இரு பெருங்குரல்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. மறு ஆண்டு இருவரும் மணம்புரிந்தனர். ஆனால் கிட்டப்பாவுக்கு முன்னரே கிட்டம்மாள் என்னும் மனைவி இருந்தார். திருமணத்தின் ஒருமையைப் போற்றும் நாம் இதனை மெச்ச இயலாது. அதனால் இரு பெண்கள் சுமந்த துயரத்தை மறக்கவும் இயலாது. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வெளிவந்தன. அன்பும் ஏக்கமும் மனக்குறையும் அவற்றில் ஒருங்கே கலந்துள்ளன. கிட்டப்பாவோ மேடையில் அரசர். மேடையை விட்டு இறங்கினால் எளிதில் சினக்கும், எளிதில் பிணங்கும் குழந்தை மனத்தவர்.

அம்மனத்தைப் பற்றிக்கொண்டது மது. அது உடலை அரித்தது. 1933 டிசம்பர் 2 அன்று அக்குரல் ஓய்ந்தது. அப்போது அவருக்கு வயது 27. எஞ்சியவை சில இசைத்தட்டுகள் மட்டுமே; பக்கத்துக்கு மூன்று நிமிடங்களே கொள்ளும் தட்டுகள். இரவு முழுதும் பொழிந்த மழையில் ஒரு கை நீரே நமக்குக் கிடைத்தது.

நற்செய்தி என்னும் செல்வத்தை மண்பாண்டத்தில் ஏந்தியிருப்பதாக அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். இறைவன் அளிக்கும் ஏனைய கொடைகளும் அத்தகையனவே. செல்வம் பெரிது என்பதால் பாண்டம் உறுதிப்பட்டுவிடுவதில்லை. பாண்டத்தைக் காப்பது யார் பொறுப்பு? அதனைச் சுமப்பவர் பொறுப்பு என்பது மெய்யே. தாலந்து உவமையில் தலைவர் ஊழியன் ஒவ்வொருவனிடமும் கணக்குக் கேட்கிறார் அன்றோ? ஆனால் சூழ நின்று கைதட்டியவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. ஆயிரவர் அக்குரலைக் கொண்டாடினர். அக்குரலுக்கு உரிய மனிதனைக் காக்க நின்றவர் எத்தனை பேர்?

இக்கேள்வி நம் பங்குகளுக்கு அந்நியமானதன்று. பாஸ்கு நாடகத்தில் ஊரையே அழவைக்கும் இளைஞன் இருக்கிறான். திருவிழாச் சப்பரத்துக்கு முன் மேளம் கொட்டுபவர் இருக்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களுக்கு மரியாதை செய்வதாக எண்ணிப் பாட்டிலை நீட்டுவோர் நம்மிடையே இல்லையா? அது மரியாதையன்று, மண்பாண்டத்தின்மேல் எறியும் கல். மறுநாள் அவன் தள்ளாடி வருகையில், 'கலைஞன் என்றால் அப்படித்தான்' என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அவன் மனைவியும் குழந்தைகளும் சிரிப்பதில்லை.

கிட்டப்பா மறைந்து ஈராண்டுகள் கழித்து, 1935இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிக்கு அடிமைப்பட்டிருந்த இருவர் ஒருவரையொருவர் தாங்கி எழுந்தனர். அவ்வாறு பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம். இன்று நம் நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஆலய வளாகங்கள் பல அவற்றுக்கு இடமளிக்கின்றன. குடியை நோயென்று ஏற்று மருத்துவமும் உதவுகிறது. அந்த 27 வயது இளைஞருக்குக் கிட்டாத கை, இன்று நம் வீட்டுப் பிள்ளைக்கு எட்டும் தொலைவில் உள்ளது. நாணத்தால் அதனை மறைத்து வைக்க வேண்டா.

சுந்தராம்பாளையும் எண்ணிப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் வெண்ணிற ஆடை பூண்டார். ஆண் நடிகர் எவரோடும் இணை சேர்ந்து நடிப்பதில்லை என உறுதி கொண்டார். 1935இல் வெளியான 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகத் தாமே ஆண்வேடம் ஏற்றார். 1953இல் ஔவையாராகத் தமிழகத்தின் உள்ளம் கவர்ந்தார். 1980இல் மறையும்வரை தம் குரலைக் காத்து, அதனை இறைபுகழ்ச்சிக்கே பெரிதும் ஈந்தார். துயரம் அவரை உடைக்கவில்லை. பாண்டத்தைக் காக்கவும் இயலும் என்பதற்கு அவரே சாட்சி.

அன்பர்களே, இத்திருவருகைக் காலத்தில் ஒன்று செய்வோம். நம் பாடற்குழுவில், நம் தெருவில், நம் இல்லத்தில் இறைவன் நல்ல குரலோ கைத்திறனோ அளித்திருக்கும் ஒருவரை நினைப்போம். அவருடைய திறமையை மெச்சுவதோடு நில்லாமல், 'நீ நலமா?' என்று ஒருநாள் தனியே கேட்போம். அவர் தவறுகிறார் எனில், ஊரார் முன் பழிக்காமல், அருகமர்ந்து அன்போடு உரைப்போம். கைதட்டுவதற்குப் பலர் உண்டு. கைபிடித்து நடத்துவதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்கும் வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.