நாணயத்துக்கு மார்க்கு போடுகிறார்கள்!

கார் கடன் கேட்கும் முன் இதைப் படியுங்கள்

அந்தக் காலத்தில் மளிகைக் கடைக்காரர் ஆளைப் பார்த்துக் கடன் கொடுப்பார். "நாணயமான மனிதர்" என்று பெயர் எடுத்தால் போதும். ஒரு மாதம் பாக்கி நின்றால், "அடுத்த மாதம் சேர்த்துக் கொடுங்கள்" என்பார்.

இன்று நாணயத்துக்கு மார்க்கு வந்துவிட்டது. மார்க்கு போடுகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்தது கிடையாது. பள்ளிக்கூடத்து மார்க்கு குறைந்தால் அப்பா திட்டுவார். இந்த மார்க்கு குறைந்தால் பிழைப்பே போய்விடும்!

எப்படி என்று கேட்கிறீர்களா?

ஒரு டாக்சி டிரைவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 15 ஆண்டுகளாக ஊரார் வண்டியை ஓட்டுகிறார். சொந்தமாக ஒரு கார் வாங்க ஆசை. முன்பணம் சேர்த்துவிட்டார். மனைவியின் வளையலும் அதில் அடக்கம். பாங்கிக்குப் போகிறார். "உமக்குக் கடன் இல்லை" என்கிறார்கள்.

என்ன குற்றம்? சில ஆண்டுகளுக்கு முன் தவணையில் ஒரு டெலிவிஷன் வாங்கினார். வீடு மாறிய அவசரத்தில் கடைசித் தவணை 1,800 ரூபாய் நின்றுவிட்டது. அவர் மறந்துவிட்டார். கம்ப்யூட்டர் மறக்கவில்லை!

மார்க்கு போடுவது யார்?

இந்தியாவில் 4 கம்பெனிகள் இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் மூத்தது சிபில். அது 2000-ம் ஆண்டில் தொடங்கியது. அதனால் எல்லா மார்க்கையும் மக்கள் "சிபில்" என்றே சொல்கிறார்கள். இந்தக் கம்பெனிகளுக்காக 2005-ல் தனிச் சட்டம் வந்தது.

மார்க்கு 300-ல் தொடங்கி 900-ல் முடியும். 750-க்கு மேல் இருந்தால் பாங்கிகள் உட்காரச் சொல்லிப் பேசும்.

தவணை தவறினால் மார்க்கு குறையும். ஒரே மாதத்தில் பல இடங்களில் கடன் கேட்டு மனுப் போட்டாலும் குறையும். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்களா? அவர் கட்டாவிட்டால் கறை உங்கள் பெயரிலும் விழும். ஒரு காப்பி குடித்துவிட்டுப் போட்ட கையெழுத்து, மகனின் கார் கனவைக் கெடுத்துவிடும்.

கடனே வாங்காதவர் கதி என்ன? அவருக்கு மார்க்கே இருக்காது. "கடன் வாங்காததும் ஒரு குற்றமா?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2025 ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டில் நிதித்துறை ராஜாங்க மந்திரி பதில் சொன்னார். குறைந்தபட்சம் இத்தனை மார்க்கு வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி சொல்லவில்லை. முதல் முறை கடன் கேட்பவரைப் பழைய கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்றார். ஆனால் ஒன்று. கடன் கொடுப்பதும் கொடுக்காததும் பாங்கியின் இஷ்டம்தான்.

"மார்க்கு வேண்டாம், நாங்கள் தருகிறோம்!"

பாங்கி கைவிட்டவரைக் கூப்பிட ஆள் இருக்கிறது. "சிபில் பார்க்க மாட்டோம். 12 சதவீதம்தான் வட்டி" என்பார்கள். இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

5 லட்ச ரூபாய் கடன். 5 ஆண்டுத் தவணை. வட்டி 12 சதவீதம்.

பாங்கி முறையில், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மாதம் ஏறக்குறைய 11,120 ரூபாய் கட்ட வேண்டும். மொத்த வட்டி சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம்.

மற்றொரு முறை உண்டு. "பிளாட்" வட்டி என்பார்கள். பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு 5 லட்சத்துக்கே வட்டி! மாதம் 13,333 ரூபாய். மொத்த வட்டி 3 லட்சம். வாயால் சொன்னது இரண்டிலும் 12 சதவீதம்தான். ஆனால் பிளாட் முறையில் உண்மை வட்டி ஏறக்குறைய 20 சதவீதம் ஆகிவிடுகிறது.

இதற்காகத்தான் ரிசர்வ் பாங்கி ஒரு விதி போட்டது. 2024 அக்டோபர் முதல், பாங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் கடன் விவரத்தை ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

லீசுக்குக் கார்

காரை வாங்காமல் லீசுக்கு எடுப்பதும் உண்டு. 2020-ல் மாருதி கம்பெனியும் மாத வாடகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதில் கார் உங்களுடையது அல்ல. மாதாமாதம் வாடகை கட்டி ஓட்டலாம். கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் கூடுதல் பணம். முன்பணம் குறைவு என்பது உண்மை. ஆனால் லீஸ் கம்பெனியும் மார்க்கைப் பார்க்கும்! 5 ஆண்டு கட்டினாலும் கடைசியில் கையில் சாவி இருக்காது. அலுவலகம் போகிறவருக்கு இது சரிப்படலாம். நாள் முழுவதும் ஓட்டும் டிரைவருக்குச் சரிப்படாது என்பதே என் எண்ணம்.

வண்டியைப் பிடுங்கலாமா?

கடன் தீரும்வரை ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். தவணை தவறினால் வண்டியை எடுக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கும். ஆனால் முரடர்களை அனுப்பி நடுரோட்டில் மறிப்பது கூடாது. 2007-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை வன்மையாகக் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் கேட்டு டெலிபோன் செய்யக் கூடாது என்றும் ரிசர்வ் பாங்கியின் விதி உண்டு.

மார்க்கை ஏற்றுவது எப்படி?

நமது டிரைவர் முதலில் தன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். இன்டர்நெட்டில் வாங்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கால் மணி நேர வேலை.

அதில் யாரோ வாங்கிய கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா? கட்டி முடித்த கடன் பாக்கி என்று நிற்கிறதா? உடனே புகார் எழுதுங்கள். கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பின் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறை தீர்க்கும் அதிகாரி இருக்கிறார்.

பாக்கி உண்மையாகவே இருந்தால் முழுவதையும் கட்டுவது நல்லது. "பாதி கொடுங்கள், முடித்துக் கொள்ளலாம்" என்பார்கள். கேட்க இனிக்கும். ஆனால் கணக்கில் "செட்டில்டு" என்று எழுதிவிடுவார்கள். முழுக்கடன் தீரவில்லை என்று அதற்கு அர்த்தம். அடுத்த பாங்கிக்காரர் அதைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்.

டிரைவர் அந்த 1,800 ரூபாயையும் அபராதத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும். 2025 ஜனவரி முதல் கடன் கொடுத்தவர்கள் 15 நாளுக்கு ஒரு முறை விவரம் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஆகவே பாக்கி தீர்ந்தது சீக்கிரமே பதிவாகும். பழைய தாமதம் மட்டும் உடனே மறையாது. அறிக்கையில் 36 மாதத்துக் கதை இருக்கும். அதுவரை வேறு சிறு கடன் இருந்தால் நாள் தவறாமல் கட்டி வர வேண்டும். முன்பணத்தையும் கூட்டி வைக்க வேண்டும். கடன் தொகை சிறியதானால் பாங்கியும் கொஞ்சம் இறங்கி வரும்.

வளையலை அதற்குள் விற்க வேண்டாம்.